வீட்ட காலி பண்ணித் தரமாட்டாங்க, தெரிஞ்சுக்கிட்டு கூப்பிடுங்க: சாமான் சேக்குற பெரியவங்களுக்கான வீட்டு விசிட் சேவை, எங்க அனுபவம்

மொதல்லயே சொல்லிருதேன், ஒரே நாள்ல வீட்ட தூத்துப் பெருக்கி பொங்கலுக்கு வெள்ள அடிச்ச மாதிரி ஆக்கிக் குடுப்பாங்கன்னு நெனச்சு கூப்பிட்டா ஏமாந்துருவீங்க. நானும் அப்டி நெனச்சுதான் கூப்பிட்டேன். மொத மூணு விசிட்ல அவங்க அனுப்புன சோசியல் ஒர்க்கர் பிள்ள ஒரு பழைய பேப்பரக்கூட தொடல, நான் கடுப்பாகி எங்க மதினிட்ட இதுக்கா சனிக்கிழமைய வீணாக்குதேன்னு பொலம்புனேன். இப்ப பதினோரு மாசம் ஆச்சு, அதான் எழுதுதேன். இத நடத்துத டிரஸ்ட் பேர போடல. ரெண்டே ரெண்டு சோசியல் ஒர்க்கர வச்சு ஓட்டிட்டு இருக்காங்க, கொறையும் கொஞ்சம் சொல்லப்போறேன், பாவம்.

ஆளு எங்க பெரியப்பா. 76 வயசு, வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறை. பஸ் டெப்போ ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவரு. பெரியம்மை தவறி ஆறு வருசம் ஆச்சு, அண்ணன் மஸ்கட்ல, மதினியும் பிள்ளைகளும் பாளையங்கோட்டைல, பெரியப்பா மட்டும் தனியா. எதக் கேட்டாலும் ஒரே பதில்தான், "கெடக்கட்டும்ல, உதவும்." ஓடாத டேபிள் ஃபேன் ஒம்பது, மூடியில்லாத மிக்ஸி ஜாரு, துணி போன குடைக்கம்பி, ஹார்லிக்ஸ் பாட்டில் நெறைய நட்டு போல்ட்டு, கால் ஒடிஞ்ச பிளாஸ்டிக் சேரு, காலி அல்வா டப்பா, கழுவிக் காயப்போட்டு ரப்பர் பேண்ட் போட்ட பால் கவரு, கல்யாண வீட்டு மஞ்சப்பை எத்தனன்னு எண்ணவே முடியாது. தார்சாவுல, அதான் முன்வராண்டால, ஏறுனா பட்டாசல் (ஹால்) வழியா அடுக்களைக்கு ஒத்தையடிப்பாதை மாதிரி ஒரு வழி, அதுலயும் ஒருக்களிச்சுதான் போகணும். கட்டில் சாமானுக்கு அடில போயிருச்சு, அவரு தூங்குறது சேர்ல. கேஸ் அடுப்புக்கு ஒரு சாண் தள்ளி பேப்பர் கட்டு. எனக்கு ராத்திரி தூக்கம் போனது அந்த பேப்பர் கட்டாலதான்.

2023 டிசம்பர் 17, 18 மழை ஞாபகம் இருக்கும்லா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த மழை. இங்க ஆத்துத்தண்ணி ஊருக்குள்ள ஏறி அவரு வீட்டுக்குள்ள இடுப்பளவு. அவர எங்க வீட்டுக்கு கூட்டிட்டு வந்துட்டு, தண்ணி வடிஞ்சதும் நானும் ரெண்டு பயலுகளும் போயி ரெண்டு டாட்டா ஏஸ் நெறைய அள்ளிப் போட்டோம், சும்மா சொல்லக்கூடாது, நனஞ்சதுன்னு சொல்லி நனையாததையும் சேத்துதான் அள்ளுனோம், இதான் சாக்குன்னு. அதுல அவரு டூல்ஸ் பெட்டியும் போயிருக்கு. முப்பது வருசமா கைல வச்சிருந்த ஸ்பேனர் செட்டு. மூணாம் நாளு மனுசன் ஆக்கர் கடைக்கு, அதான் பழைய சாமான் கடைக்கு, தனியா நடந்து போயி, பெட்டி கெடைக்கல, ஆனா நாங்க போட்டதுல பாதிய காசு குடுத்து திரும்ப வாங்கிட்டு வந்துட்டாரு. எங்ககிட்ட அஞ்சு மாசம் பேச்சே இல்ல. ஒரு வருசத்துல வீடு முன்னைக்கும் மேல நெறஞ்சு போச்சு.

அப்பறம் 14567க்கு போட்டேன், முதியோர் ஹெல்ப்லைன், 2021ல நாடு முழுக்க வந்தது. அங்கருந்து ஒருத்தர் மூலமா ஒருத்தர்னு போயிதான் இந்த டிரஸ்ட் கெடச்சது. ஒரு விசிட்டுக்கு 350, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ, ஒன்றரை மணி நேரம்.

வந்த பிள்ளைக்கு முப்பது வயசு இருக்கும், சோசியல் ஒர்க்ல எம்எஸ்டபிள்யூ படிச்சது, ஆலங்குளம் பக்கம். ஸ்கூட்டிய நிப்பாட்டிட்டு வாசல்லயே நின்னு, "ஐயா, உள்ள வரலாமா? எங்கன கால் வைக்கட்டும், நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டுச்சு. இத்தன வருசத்துல நாங்க யாருமே கேக்காத கேள்வி. அவரு பாத்து பாத்து இடம் காட்டுனாரு. ஒரு ஃபேனக் காட்டி இதுல என்ன கோளாறுன்னு கேட்டுது, அவ்ளோதான், காயிலு, புஷ்ஷு, கண்டென்சருன்னு ஆரம்பிச்சு பழைய லேலண்ட் எஞ்சின் வர போயிட்டாரு. மொத விசிட் முடிஞ்சது.

வெளிய வந்து நான் சத்தம் போட்டதுக்கு அது பொறுமையா சொன்னுச்சு. அள்ளிப் போட்டா திரும்ப நெறயும், அது கூட பரவால்ல, அடுத்ததடவ கதவத் தொறக்க மாட்டாங்க, அப்பறம் உள்ள விழுந்து கெடந்தாலும் நமக்குத் தெரியாதுன்னு. எனக்கு டாட்டா ஏஸ் ஞாபகம் வந்துச்சு, வாயப் பொத்திட்டேன்.

இப்டி சாமான் சேக்குறதுக்குப் பேரு ஹோர்டிங் டிஸார்டர். கஞ்சத்தனமோ சோம்பேறித்தனமோ இல்ல. அமெரிக்க மனநல டாக்டருங்க வச்சிருக்க டிஎஸ்எம்-5 கையேட்டுல 2013லதான் தனி நோயா சேத்துருக்காங்க, அதுக்கு முந்தி, செஞ்சதையே திரும்பத் திரும்ப செய்யத் தோணுத ஓசிடி நோயோட சேத்துதான் பாத்துருக்காங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல் ஐசிடி-11லயும் இருக்கு. சின்ன வயசுலயே, பன்னெண்டு பதிமூணுல மெதுவா தொடங்கி வயசாக ஆக முத்துமாம், தனியா ஆகும்போதும் வேண்டியவங்க தவறும்போதும் இன்னும் கூடுமாம். பெரியப்பாட்ட சின்ன வயசுல என்ன சேத்தீங்கன்னு கேட்டதுக்கு மனுசன் முகமே மாறிட்டு, தீப்பெட்டி படமாம், கோவில்பட்டி சாத்தூர் தீப்பெட்டி எல்லாம் ஒரு டிரங்கு பெட்டி நெறைய வச்சிருந்தாராம், அவுக அய்யா ஒரு நாளு அடுப்புல போட்டுட்டாராம். அறுபது வருசத்துக்கு மேல ஆச்சு, இப்ப சொல்லும்போதும் குரல் ஒரு மாதிரி ஆச்சு. நாங்களும் அதேதான் பண்ணிருக்கோம், லாரி மட்டும்தான் புதுசு.

நம்ம ஊர்ல எல்லா ஆச்சி தாத்தாவும்தான் மஞ்சப்பையும் சிரட்டையும் சேத்து வைக்காங்க, அதெல்லாம் நோயான்னு நான் கேட்டேன். இல்லையாம். எத்தன சாமான்ங்கறது கணக்கே இல்ல, கட்டில்ல படுக்க முடியுதா, அடுப்புல சமைக்க முடியுதா, குடுக்கணும்னு நெனச்சாலே மனசு பதறுதா, அதத்தான் பாக்காங்க.

அப்பறம் அந்த போட்டோ கூத்து. ஒரு ரூமுக்கு ஒம்பது போட்டோ, ஒண்ணாம் நம்பர் சுத்தமா இருக்கும், ஒம்பது கூரை வர குமிஞ்சு கெடக்கும், அடுக்களை, படுக்கற ரூம், ஹாலுன்னு தனித்தனியா. உங்க வீடு எந்த போட்டோ மாதிரி இருக்குன்னு அவங்களே சொல்லணும். நாலும் அதுக்கு மேலயும் போனா கவனிக்கணும்னு அர்த்தம். எல்லாம் வெள்ளக்காரன் வீடு, சோபா கார்ப்பெட்டுன்னு. பெரியப்பா கண்ணாடியப் போட்டு ஒம்பதாம் நம்பர ரொம்ப நேரம் பாத்துட்டு, "இவன் என்னைய விட மோசம்லா, ஏ பிள்ள, இவனுக்கு கொழந்த குட்டி உண்டா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சுட்டோம். தன்னோட பட்டாசலுக்கு நாலு போட்டாரு, நான் ஏழுன்னேன், அது ரெண்டையும் எழுதிக்கிட்டுதே தவிர யாரு சரின்னு சொல்லல.

அடுத்து ஹைகிரவுண்ட் கவர்மெண்ட் ஆஸ்பத்திரி மனநல ஓபிக்கு கூட்டிட்டுப் போகச் சொல்லுச்சு, மறதி நோயிலயும் சில பேரு இப்டி சாமான் சேப்பாங்களாம், அப்டின்னா வைத்தியமே வேறயாம். அவரு வரமாட்டேன்னாரு, நான் இழுத்துட்டுப் போகவான்னேன். கூடாதுன்னு ஒரே வார்த்த. 2017 மனநல சட்டத்துல, விஷயம் புரியுத நெலமைல இருக்க ஆளுக்கு வைத்தியம் வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற உரிமை அவருக்குத்தான். ஒன்றரை மாசம் கழிச்சு அவராவே வந்தாரு. ஞாபகமெல்லாம் நல்லாதான் இருக்கு, மனச்சோர்வு இருக்குன்னு மாத்திர குடுத்தாங்க.

வேலைன்னு ஆரம்பிச்சது மூணே இடத்துலதான், தீ, வழுக்கி விழுறது, மாத்திர. அடுப்பச் சுத்தி ஒரு முழத்துக்கு ஒண்ணும் இருக்கக்கூடாது, இது சுத்தத்துக்காக இல்ல ஐயா, தீக்காகன்னு சொன்னதும் மெக்கானிக் மூளைக்கு உடனே புரிஞ்சுட்டு, அவரே பேப்பர் கட்ட நவுத்துனாரு. வாசல்லருந்து கக்கூஸ் வர கால் தடுக்காத ஒரு வழி. மாத்திரைய ஒரு சொளவுல கொட்டிப் பாத்தா தேதி போனதே பாதி, அதுல ஒரே பிரசர் மாத்திரைய ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு டாக்டரு எழுதிருக்காங்க, ரெண்டையும் முழுங்கிட்டு இருந்துருக்காரு! காலைல எந்திச்சா தலை சுத்துதுன்னு சொன்னப்பல்லாம் வயசாயிட்டுல்லான்னு சொல்லிட்டு இருந்தவங்க நாங்க. வேற ஒண்ணுமே பண்ணாட்டியும் இது ஒண்ணுக்கே 350 தகும்.

சாமான் கழிக்கறதும் லேசானதுலருந்துதான், மொத பால் கவரு. இது போனா மனசு எவ்ளோ வலிக்கும், பத்துக்கு எத்தனன்னு கேக்கும். எட்டும்பாரு. ஒரு கட்ட மட்டும் ஒரு வாரம் தார்சாவுல வச்சிட்டு அடுத்த விசிட்ல இப்ப எத்தனன்னு கேட்டா மூணு. அவரு கையாலயே ஆக்கர் கடைக்குப் போகும். ஃபேன்ல எதெல்லாம் ஆனித் தேரோட்டத்துக்குள்ள ஓட வைப்பீங்கன்னு கேட்டுச்சு, மூணுன்னாரு, மிச்சம் ஆறையும் பிரிச்சு காயிலு மட்டும் எடுத்துக்கிட்டு பாடிய விட்டாரு. தேருக்குள்ள ஓடுனது ரெண்டு, அதுல ஒண்ணு கடகடன்னு சத்தம்.

எனக்கும் கிளாஸ் நடந்துச்சு. குப்பைன்னு சொல்லக்கூடாது, சவத்தத் தூக்கி எறியும்னு சொல்லக்கூடாது, முக்கியமா தெரியாம எடுக்கக்கூடாது. நான் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கவர வண்டி டிக்கில நைசா போட்டுக்கிட்டு வந்துட்டு இருந்தேன், அது ஒரு நாளு பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம டிக்கிய தொறந்து அவர்ட்டயே திருப்பிக் குடுக்க வச்சுட்டு. மானம் போச்சு. ஆனா அதுக்கப்பறம்தான் நான் போனா அவரு என் பின்னாலயே சுத்தறத விட்டாரு.

இனி கொறை. ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ பத்தவே பத்தாது, நடுவுல மழை, லீவு, அவங்க மீட்டிங்னு மூணு விசிட் போயிருச்சு. ஆபீஸ் போன எடுக்க ஆளே கெடையாது. தூக்கி வைக்க ஒரு ஆம்பள ஆளு அனுப்புங்கன்னா இல்லம்பாங்க, டிவி ஸ்டாண்ட நானும் எதுத்த வீட்டு அண்ணாச்சியும்தான் தூக்குனோம். இது எல்லாத்தையும் விட பெருசு, ஆறாவது மாசம் அந்தப் பிள்ள கல்யாணமாகி கோயம்புத்தூர் போயிட்டு, முன்கூட்டி ஒரு வார்த்த சொல்லல. புதுசா வந்தவங்க நல்லவங்கதான், ஆனா பைல படிக்காம வந்து மொத நாளே "எப்பய்யா இதெல்லாம் எடுக்கப்போறீங்க"ன்னு கேட்டுட்டாங்க, ஒரு மாசம் அவரு கதவச் சாத்திட்டாரு. நம்பிக்கைய வச்சு நடக்குற வேலைல ஆள மாத்தும்போது ரெண்டு பேரும் சேந்து ஒரு விசிட்டாவது வரவேண்டாமா? ஒரு ஸ்டார் இதுக்காகவே கொறைச்சிருக்கேன். பழைய பிள்ள போன்ல பேசி சமாதானம் பண்ணப்பறம்தான் கதவு தொறந்துச்சு.

இன்னைய நெலவரம்: அந்த போட்டோ கணக்குல அடுக்களை அஞ்சுலருந்து ரெண்டுக்கு வந்துருக்கு, பட்டாசல் ஏழுலருந்து அஞ்சு, கட்டில்ல படுக்காரு. மச்சில இன்னும் யாரும் கை வைக்கல. கொடில கெடக்க பெரியம்மை சேலையப் பத்தி அந்தப் பிள்ளயும் கேட்டதில்ல, புதுசா வந்தவங்களும் கேக்கல, நானும் கேக்கல.

மகன் வெளிநாட்டுலருந்து ஒரு வாரம் வந்துருக்கான், அதுக்குள்ள முடிக்கணும்னு நெனக்கவங்க கூப்பிடாதீங்க, பணமும் போயி பேச்சும் போயிரும். ஒரு வருசம் பொறுக்க முடியும்னா கூப்பிடலாம். அதுவர உங்களுக்கே மனசு தாங்கலன்னா கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் 14416 இருக்கு, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், நான் ரெண்டு தடவ பேசிருக்கேன். என்னோட மார்க் அஞ்சுக்கு நாலு.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பழைய பிள்ள போறதுக்கு முந்தி அவருக்கு ஒரு நீள நோட்டு வாங்கிக் குடுத்துச்சு, டெப்போ ஸ்டோர்ல போடுவாங்களே அந்த மாதிரி வரவு, பற்றுன்னு எழுத. ஒண்ணு உள்ள வந்தா ஒண்ணு வெளிய. அன்னைலருந்து ஒருநாள் விடாம எழுதுதாரு, தேதி போட்டு கையெழுத்தும் போடுதாரு. போன செவ்வாக்கிழம ஜங்சன்லருந்து துணி கிழிஞ்ச குடை ஒண்ணத் தூக்கிட்டு வந்துட்டாரு. நோட்டப் பாத்தேன், "குடை 1, வரவு." அதுக்கு நேரா பற்றுல, "மிக்ஸி ஜார் 2."