ஒரே ஸ்பிட்ஃபயர், மூன்று பெட்டி: விமான மாடல் கிட்டில் கொடுக்கிற காசுக்கு எது தேறும்?

பிளாஸ்டிக் விமான மாடல் கிட் விலை ஏறிப்போச்சு என்று புலம்பாத ஆள் இந்தப் பொழுதுபோக்கில் கிடையாது. புலம்பல் நியாயம்தான். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையை மட்டும் பார்த்து "இது மலிவு, அது கொள்ளை" என்று முடிவு கட்டினால் கணக்கு பாதியில் நிற்கும். பெட்டி விலை, அதற்குமேல் தனியாக வாங்க வேண்டிவரும் சாமான்கள், புட்டியும் உப்புத்தாளுமாக உட்கார்ந்து கழிக்கும் மணி நேரங்கள், இந்த மூன்றையும் கூட்டினால்தான் ஒரு கிட்டின் உண்மையான விலை தெரியும். அப்படிக் கூட்டும்போது மலிவு என்று நினைத்தது மேலே போய்விடுவதும், விலை அதிகம் என்று ஒதுக்கியது கீழே இறங்குவதும் சகஜம்.

பொதுவாகப் பேசினால் ஆளுக்கொரு பிராண்டைத் தூக்கிப் பிடிப்பார்கள், அதனால் ஒரே விமானத்தை எடுத்துக்கொள்வோம்: இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1, 1/48 அளவு, அதாவது நிஜத்தில் 48இல் ஒரு பங்கு. கட்டி முடித்தால் இறக்கை நுனிக்கு நுனி 23 செ.மீ. சொச்சம் வரும். இதைப் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் 2010களின் நடுவில் புது அச்சில் போட்டது, ஜப்பானின் டமியா 2018 கடைசியில், எடுவார்ட் 2020இல். மூன்றுமே கணினியில் வடிவமைத்து வெட்டிய அச்சுகள், ஆகவே எதற்கும் "பழசு, பாவம்" என்று சலுகை கொடுக்க வேண்டியதில்லை.

டமியாவிலிருந்து ஆரம்பிக்கலாம். டமியா பெட்டிக்குள் பசையை ஊற்றிக் குலுக்கினால் விமானம் வெளியே வரும் என்று ஒரு பழைய ஜோக் உண்டு, ஜோக்காக இருந்தாலும் அதன் அடியில் இருக்கும் விஷயம் நிஜம். ஸ்பிட்ஃபயரில் இறக்கையும் உடலும் சேரும் இடம் வளைந்து குழிந்து போகும், அங்கே ஒரு மயிரிழை இடைவெளி விட்டால்கூடக் கண்ணை உறுத்தும், புட்டி வைத்துத் தேய்க்கப் போனால் பக்கத்திலிருக்கும் கோடுகளும் அழிந்துபோகும். டமியா கூடுமானவரை இரண்டு பாகங்கள் சேரும் கோட்டை நிஜ விமானத்தின் தகடு சேரும் கோட்டிலேயே கொண்டுபோய் வைக்கிறது, அதனால் இணைப்பை மறைக்க வேண்டிய வேலையே பெரும்பாலும் வருவதில்லை. ஸ்ப்ரூ எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பாகம் ஒட்டியிருக்கும் காம்புகூட, வெட்டிய தழும்பு உள்பக்கம் மறைந்துபோகிற மாதிரிதான் பல இடங்களில் இருக்கும். இதெல்லாம் பெட்டிப் படத்தில் தெரியாது, கட்டும்போதுதான் தெரியும்.

குறை இல்லாமலா? டெக்கால், அதாவது விமானத்தின் சின்னமும் எழுத்தும் அச்சிட்ட ஒட்டுப்படம், தடிமன், அதுதான் டமியா மீது காலங்காலமாக இருக்கும் புகார். தண்ணீரில் நனைத்து ஒட்டியபின் ஓரம் மேடாகத் தெரியும், இளக்கும் திரவத்துக்கும் லேசில் மசியாது. எந்த விமானமாகச் செய்யலாம் என்ற தேர்வும் குறைவு, இரண்டு மூன்று அடையாளங்களோடு நிறுத்திவிடுவார்கள். கண்ணாடியில் பெயின்ட் படாமல் மறைக்க மாஸ்க் தருகிறார்கள், ஆனால் பல கிட்களில் அதை வெட்டாத தாளாகத் தருகிறார்கள், கோட்டின் மேலேயே பிளேடை ஓட்டி நாமே வெட்டிக்கொள்ள வேண்டும். இவ்வளவு விலை வாங்கிவிட்டு அந்த வேலையையும் நம் தலையில் கட்டுவது ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. தனியாக டெக்காலும் வெட்டிய மாஸ்க்கும் வாங்குபவராக இருந்தால், டமியாவின் பெட்டி விலையோடு அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அந்த இடத்தில்தான் எடுவார்ட் உள்ளே வருகிறது. செக் நாட்டு நிறுவனம், 1989இல் தொடங்கியது, ஃபோட்டோ எட்ச் எனப்படும் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்களை விற்றுத்தான் பெயர் வாங்கியது. அதன் புரொஃபிபேக் பதிப்பின் பெட்டியைத் திறந்தால் ஏற்கெனவே வண்ணம் அச்சிட்ட உலோகக் கருவிப் பலகை, சீட் பெல்ட், வெட்டிய மாஸ்க், ஐந்தாறு விமானங்களுக்கான டெக்கால் எல்லாம் உள்ளேயே இருக்கும். டமியாவுக்கு இதையெல்லாம் வெளியில் வாங்கினால் மொத்தத் தொகை எடுவார்டைத் தாண்டிவிடும். இது எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு வீக்எண்ட் பதிப்பு இருக்கிறது: அதே பிளாஸ்டிக், உலோகமும் மாஸ்க்கும் கிடையாது, விலை குறைவு. இன்னும் கீழே போனால் ஓவர்ட்ரீஸ், அதாவது டெக்காலும் வழிகாட்டித் தாளும் இல்லாமல் வெறும் ஸ்ப்ரூ மட்டும். ஒரு புரொஃபிபேக் வாங்கி, மிச்சமாகும் டெக்காலுக்கு ஓவர்ட்ரீஸ் எடுத்து இரண்டாவது விமானம் கட்டுபவர்கள் உண்டு. இந்த மொத்த அலசலிலும் காசுக்கு அதிகம் கிடைக்கும் வழி அதுதான் என்பேன்.

ஆனால் எடுவார்ட் நேரத்தைத் தின்னும். விமானி உட்காரும் காக்பிட்டுக்கு மட்டும் பாகங்கள் கொத்துக் கொத்தாக வரும், சிலது இடுக்கியில் பிடித்தாலே துள்ளி எங்கேயோ போய்விடும். அளவுகள் அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் சேரும் முகங்களில் பெயின்ட் படிந்தாலே உடலின் இரண்டு பாதியும் மூட மறுக்கும். காக்பிட் தடுப்புச் சுவரின் விளிம்பில் படிந்திருக்கும் பெயின்டைப் பிளேடால் சுரண்டிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள், டப்பென்று உட்காரும். இது தெரியாதவர் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டி, பிறகு இறக்கை சேரவில்லையே என்று தவிப்பார். அண்மைக் கால எடுவார்ட் டெக்கால்களில் இன்னொரு விசேஷம், ஒட்டிக் காய்ந்த பிறகு மேலிருக்கும் படலத்தை உரித்தெடுக்கலாம், மை மட்டும் நிற்கும். நன்றாக வந்தால் பெயின்டில் வரைந்த மாதிரியே இருக்கும், சொதப்பினால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். பிடித்தவர்கள் சத்தியம் பண்ணுகிறார்கள், பிடிக்காதவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

எடுவார்ட் என்றால் ஆராய்ச்சி பிசகாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2014இல் அவர்கள் போட்ட 1/48 பிஎஃப் 109ஜி-6 என்ற ஜெர்மன் போர்விமானம் அளவில் பெரிதாகிவிட்டது என்று கட்டுபவர்கள் அளந்து காட்டினார்கள், நிறுவனம் புதிதாக அச்சு வெட்டி 2016இல் சரியானதைப் போட்டது. திருத்தியதற்குப் பாராட்டு, சரி. ஆனால் அந்த முதல் பெட்டிகள் பழைய சரக்காக அங்கங்கே இன்னும் சுற்றலாம், விலை குறைவாக இருக்கிறதே என்று பாய்வதற்கு முன் ஆண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏர்ஃபிக்ஸ். 2006இல் ஹார்ன்பி வாங்கியபிறகுதான் இந்தப் பழைய பிரிட்டிஷ் பெயருக்கு மறுபடி உயிர் வந்தது. மூன்றில் பொதுவாக இதுதான் விலை குறைவு. டெக்கால்கள் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சிட்டவை, மெல்லியவை, இந்த ஒரு விஷயத்தில் டமியாவை ஏர்ஃபிக்ஸ் சுலபமாக அடிக்கிறது. பிளாஸ்டிக் மென்மை, காம்புகள் தடிமன், மெல்லிய பாகங்களை வெட்டும்போது வளைந்துகொள்ளும். எல்லோரும் குறை சொல்வது கோடுகளை. தகடு சேரும் கோட்டை 0.2 மி.மீ. அகலத்தில் வெட்டினால் 1/48இல் அது நிஜ விமானத்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. பள்ளம், 1/72இல் 14 மி.மீ.க்கு மேல். எந்த ஸ்பிட்ஃபயரிலும் விரல் போகிற அளவுக்குப் பள்ளம் கிடையாது. ஆனாலும் இந்தக் கோடுகளைத் திட்டுவது கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எனக்குப் படுகிறது. பிரைமர், பெயின்ட், வார்னிஷ் என்று மூன்று படலம் ஏறியபின் பாதிப் பள்ளம் நிரம்பிவிடும், பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பவருக்கு எடுவார்டின் நுணுக்கமான ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசை மொத்தமாக மூடிப்போகும், ஏர்ஃபிக்ஸின் கோடு மட்டும் அப்போதும் தெரியும்.

முதல் முறை கட்டுபவருக்கு எது என்று கேட்டால் "மலிவானதில் பழகு" என்ற வழக்கமான அறிவுரையை நான் சொல்லமாட்டேன். டமியாவைத்தான் சொல்வேன். அதில் ஒன்று சரியாகச் சேரவில்லை என்றால் தப்பு நம் கையில் என்று நிச்சயமாகத் தெரியும், திரும்பப் பிரித்துப் பார்க்கலாம். மோசமான கிட்டில் தப்பு நம்முடையதா அச்சுடையதா என்றே தெரியாமல் வெறுத்துப்போய் மூலையில் வைப்பார்கள். கை பழகியவருக்கு எடுவார்ட் புரொஃபிபேக். ஏர்ஃபிக்ஸ் யாருக்கென்றால், அலமாரி நிறைய விமானங்கள் வேண்டும், ஒவ்வொன்றிலும் மாதக்கணக்கில் உட்கார முடியாது என்பவருக்கு.

இந்த மூன்றையும் தாண்டிப் போனால்தான் உண்மையான கண்ணிகள் இருக்கின்றன. பெரிய கண்ணி, புதுப் பெட்டிக்குள் பழைய அச்சு. பளபளக்கும் பெட்டிப் படம், புது டெக்கால், உள்ளே 1970களின் பிளாஸ்டிக்: கோடுகள் பள்ளமாக இல்லாமல் மேடாக இருக்கும், அச்சு தேய்ந்துபோனதால் விளிம்பெல்லாம் பிசிறு, காக்பிட்டில் ஒரு நாற்காலியும் ஒரு பொம்மையும். ஏர்ஃபிக்ஸ் தன் பழைய அச்சுகளுக்கு "வின்டேஜ் கிளாசிக்ஸ்" என்று பெட்டியிலேயே எழுதிவிடுகிறது, நேர்மையான காரியம். எல்லா நிறுவனங்களும் அப்படிச் செய்வதில்லை. ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் கிட் எண்ணைப் போட்டால் அந்த அச்சு எந்த ஆண்டு பிறந்தது, எத்தனை நிறுவனங்களின் பெட்டிக்குள் குடிபோயிற்று என்று வம்சாவளியே வந்துவிடும். பெட்டி மாறும் விளையாட்டு இரண்டு பக்கமும் வேலை செய்யும். ரெவெல் பெட்டிக்குள் சில சமயம் உக்ரைனின் ஐசிஎம் அல்லது ஜப்பானின் ஹசெகாவாவின் பிளாஸ்டிக் இருக்கும், விலையும் குறைவாக இருந்தால் யோகம். அதே சமயம் டமியாவின் 1/72 வரிசையில் இத்தாலேரியின் பிளாஸ்டிக்கை டமியா பெட்டியில் போட்டு விற்றதும் உண்டு, மேலே சொன்ன புகழையெல்லாம் நம்பி அதைத் திறந்தால் முகம் வாடும்.

ஹசெகாவாவைப் பற்றி எனக்கு இரண்டு மனம். எண்பது, தொண்ணூறுகளில் வெட்டிய அச்சுகள் இன்றைக்கும் கோடு மெல்லிசாக, வடிவம் அழகாக நிற்கின்றன. ஆனால் ஒரே அச்சிலிருந்து பல ரகங்களை எடுக்க வேண்டும் என்பதற்காக உடலில் அங்கங்கே துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள், ஒவ்வொரு துண்டும் ஒரு புட்டி வேலை. ஜெட் விமானங்களுக்கு ஏவுகணை, குண்டு எதுவும் பெரும்பாலும் உள்ளே இருக்காது, அதைத் தனிப் பெட்டியாக வாங்க வேண்டும். 1/48 எஃப்-14 டாம்கேட்டில் இது நன்றாகத் தெரியும். ஹசெகாவாவின் டாம்கேட்டில் முன் உடலும் பின் உடலும் சேரும் இடம் இந்த வட்டாரத்தில் பேர்போன தலைவலி. டமியா 2016இல் தன் எஃப்-14ஏயைப் போட்டபிறகு, ஹசெகாவாவை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் தவிர மற்ற எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

ஜெட் என்றால் சீனக் கிட்களைச் சொல்லாமல் முடியாது. டிரம்பெட்டர், ஹாபிபாஸ் பெட்டிகளில் பிளாஸ்டிக் வாரிக் கொட்டியிருக்கும், ஏவுகணைகளே ஸ்ப்ரூ ஸ்ப்ரூவாக வரும். எடைக்கு எடை பார்த்தால் இதைவிட லாபம் கிடையாது. ஆனால் மூக்கு வளைவு, காக்பிட் கண்ணாடியின் உயரம் போன்ற இடங்களில் வடிவம் தப்பியிருக்கும் கிட்கள் இவற்றில் உண்டு, அந்த விமானத்தை நன்றாகத் தெரிந்தவருக்குக் கண் அங்கேயே போய் நிற்கும். தெரியாதவருக்கு ஒன்றுமில்லை. வடிவத்தில் கவனமாக இருப்பது கிரேட் வால் ஹாபி, விலையும் அதற்கேற்ப. கினெட்டிக் நடுவில்.

என் கணக்கில் இப்போதைக்குக் குறைத்து மதிக்கப்படுவது இரண்டு பெயர்கள். ஒன்று ஐசிஎம். கீவ் நகரத்தில் இருந்துகொண்டு போர் நடுவிலும் கிட் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பெரிய நிறுவனங்கள் அதிகம் தொடாத ஓவி-10 பிராங்கோ, ஏ-26 இன்வேடர் மாதிரி விமானங்களை 1/48இல் தந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் மென்மை, அதிரடியான நுணுக்கம் கிடையாது, ஆனால் ஒழுங்காகச் சேரும். இன்னொன்று போலந்தின் ஆர்மா ஹாபி. 1/72இல் அவர்களுடைய ஹரிகேனைப் பார்த்தபிறகு அந்தச் சின்ன அளவில் இவ்வளவுதான் முடியும் என்ற சமாதானம் இனி எடுபடாது.

ஸ்பெஷல் ஹாபி மாதிரி குறைந்த எண்ணிக்கையில் போடும் நிறுவனங்களை இந்தத் தராசில் வைக்கவே கூடாது. பொருத்தும் ஊசியும் துளையும் பல கிட்களில் இருக்காது, எல்லாவற்றையும் கண்ணளவில் ஒட்ட வேண்டும், விலை மட்டும் பெரிய நிறுவனத்தின் விலை. ஆனால் அந்த விமானத்தை வேறு யாரும் போடப்போவதில்லை, வேண்டுமென்றால் வாங்கத்தான் வேண்டும்.

மேலதிகச் சாமான்கள் பற்றி ஒரு வார்த்தை. முப்பரிமாண அச்சில் வரும் கருவிப் பலகை, ரெசின் சக்கரம், ரெசின் எஞ்சின் என்று வாங்கிக்கொண்டே போனால் கிட் விலையை அவை விழுங்கிவிடும். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும் ஸ்பிட்ஃபயர் காக்பிட்டில் சீட் பெல்ட்டைத் தவிர எதுவும் வெளியே தெரியாது. நான் சீட் பெல்ட்டோடு நிறுத்திக்கொள்வேன்.

பெரிய அளவுக்குப் போகிறவர்களுக்கு 1/32இல் டமியாவின் 2009 ஸ்பிட்ஃபயர் மார்க் 9தான் இன்றைக்கும் அளவுகோல், எஞ்சின் மூடியைக் காந்தம் பிடித்து நிறுத்தும், கழற்றி உள்ளே காட்டலாம். ரெவெல் 2014இல் போட்ட மார்க் 2 அதன் பக்கத்தில் சாதாரணம், விலையும் வெகு தூரம் கீழே, பெரிய விமானத்தில் பெயின்ட் அடித்துப் பழக அது போதும். நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2020இல் மூடியபிறகு அதன் முதல் உலகப்போர் கிட்களின் விலை கைமாறக் கைமாற ஏறியது, அந்த விலைக்குக் கட்டுவதற்காக வாங்குகிறார்களா, அடுக்கி வைக்க வாங்குகிறார்களா என்று சந்தேகம்தான். லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை 1/32இல் எச்கே மாடல்ஸும் போட்டிருக்கிறது, பார்டர் மாடலும் போட்டிருக்கிறது. இரண்டில் எது மேல் என்று விவாதிப்பதற்கு முன்னால் அறைக் கதவை அளந்துகொள்ளுங்கள், இறக்கை 97 செ.மீ.