பிக்கப்பின் முன்பக்கத்தைத் தூக்க ஸ்பேசரா, ஸ்பிரிங்கா?

கம்பம் பக்கம் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வைத்திருக்கிற ஏலத்தோட்டக்காரர்கள் அகல டயர் போட நினைத்தாலே கூடவே வரும் கேள்வி, தாழ்ந்து நிற்கிற முன்பக்கத்தை எதை வைத்துத் தூக்குவது என்பதுதான். இந்த இரண்டு வண்டிக்கும் முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். பின்பக்கம் உயரமாக இருப்பதே சுமைக்காகத்தான், உரமூட்டை ஏறினால் இறங்கிவிடும். முழுச் சமமாகத் தூக்கிவிட்டால் லோடு ஏற்றியதும் மூக்கு நிமிர்ந்து, ராத்திரி குமுளி மலைப்பாதையில் எதிரே இறங்குகிறவர் கண்ணில் ஹெட்லைட் அடிக்கும். பின்பக்கம் ஒரு இன்ச்சாவது உயரமாக இருக்கட்டும் என்பது என் கட்சி.

மலிவானது ஷாக் அப்சார்பரின் தலைக்கு மேல் வைக்கிற ஸ்பேசர், அதாவது உயரம் கூட்டும் கனத்த வளையம். ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டாம், ஓட்டத்தில் மென்மையும் பெரிதாக மாறாது. ஆனால் ஷாக், சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க்கையின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால் ஒரு இன்ச் ஸ்பேசர் சக்கரத்தில் ஏறத்தாழ இரண்டு இன்ச்சாக வரும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது முன்பைவிடக் கீழே போகும், சக்கரத்தைக் கையோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும் ஆக்ஸிலும் தாங்காத கோணத்தில் மடியும், ஆக்ஸிலை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழியும். நம் தோட்டத்துப் பாதையில் ஒரு சக்கரம் தொங்காத நாளே இல்லை, அதனால் இது எனக்கு வேண்டாம்.

ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிற ஸ்பேசரில் ஷாக்கின் நீளம் மாறாது, ஆக்ஸில் தப்பிக்கும். ஆனால் தொங்கும் தூரம் குறைந்து பள்ளத்தில் டக்கென்று அடிக்கும். காயிலுக்குப் பதில் முறுகும் கம்பியே ஸ்பிரிங்காக இருக்கிற டார்ஷன் பார் வண்டிகளில் அதன் போல்ட்டை முறுக்கித் தூக்குவதும் இதே கதைதான். பார் விறைத்துவிட்டது என்பார்கள், விறைப்பு அப்படியேதான் இருக்கும், குறைவது தொங்கும் தூரம்.

உயர ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக்கும் சேர்த்து மாற்றுவதுதான் என் தேர்வு. செலவு அதிகம்தான், ஆனால் சுமையோடு மலை இறங்கும்போது வண்டி துள்ளாமல் நிற்கிறது. காசு மிச்சம் என்று பழைய ஷாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் டயர். கம்பெனி டயர் 255/60 ஆர்18 என்றால் சுமார் 763 மில்லிமீட்டர் உயரம், 265/60 போட்டால் 775, இந்த 12 மில்லிமீட்டருக்காக வண்டியைத் தூக்கவே தேவையில்லை. 265/65 என்றால் 802, அப்போது தூக்குவதில் அர்த்தம் உண்டு, மீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ல் ஓடும். நான் சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ரிம் வாங்கினேன். போடிமெட்டு வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் மட்கார்டில் உரசியது. தூக்கினால் போய்விடும் என்றார் கடைக்காரர், தூக்கிய பிறகும் உரசியது. ஒடிக்கும்போது உரசுவது பெரும்பாலும் அகலத்தாலும் ரிம் தள்ளி நிற்பதாலும்தான், அதற்கு உயரம் மருந்தல்ல.

எல்லை தாண்டினால் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றங்களை உற்றுப் பார்க்கும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னதும் கேரள வழக்கில்தான். எதை மாட்டினாலும் அன்றே வீல் அலைன்மென்ட் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் மறுபடி பாருங்கள், ஹெட்லைட்டை லோடு ஏற்றி வைத்துக்கொண்டு இறக்கச் சொல்லுங்கள்.