போலீஸ் மடக்கினால்: வாதாடுவதா, கட்டிவிடுவதா, கோர்ட்டில் பார்ப்பதா?

தமிழ்நாட்டுச் சாலையில் போக்குவரத்து போலீஸ் கை காட்டி ஓரம் கட்டச் சொன்னால், பெரும்பாலும் நான்கில் ஒன்று நடக்கும். அங்கேயே சண்டை போடுவது, கையில் ஏதோ திணித்துவிட்டு நழுவுவது, அபராதத்தைக் கட்டிவிட்டுக் கிளம்புவது, சலானை வாங்கிக்கொண்டு கோர்ட்டில் பார்த்துக்கொள்வது. என்னைக் கேட்டால், யோசித்து முடிவெடுக்க வேண்டியது கடைசி இரண்டில் மட்டும்தான்.

சண்டைக்குப் போகிறவர்கள் பலர் தவறான தகவலோடு போகிறார்கள். "ஏட்டுக்கு லைசென்ஸ் கேட்க அதிகாரம் இல்லை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது பொய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். பதவி பார்க்க வேண்டியது அபராதம் வசூலிக்கும்போதுதான். அதை மாநில அரசு அறிவித்த அதிகாரிகளே செய்ய முடியும். காட்டமாட்டேன் என்று முரண்டு பிடித்தால் 179ஆம் பிரிவில் 2,000 ரூபாய் வரை தனியாக அபராதம் வரலாம். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாயோடு முடிய வேண்டியது, பேச்சு முற்றினால் 3,000 வரை போகும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. சோதனைக்கு நிறுத்திய வண்டியின் சாவியை உருவிக்கொள்ளலாம் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படி நடந்தால் "சார், நான் எங்கேயும் போகவில்லை, சாவியைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். சட்டையில் இருக்கும் பெயர், நேரம், இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு மேலதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வீடியோ எடுக்கக் கூடாது என்றும் மோட்டார் வாகனச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் முகத்துக்கு நேரே போனை நீட்டினால் அது தனிச் சண்டையாகிவிடும். சற்றுத் தள்ளிப் பிடித்தாலே குரல் பதிவாகும்.

லஞ்சம் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டும் பாதுகாப்பு. ரசீதும் கிடையாது என்பதால், அடுத்த சிக்னலில் வேறொருவர் அதே தவறுக்கு நிறுத்தினால் காட்ட எதுவும் இருக்காது.

சரி, கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா? பலருக்குத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. அபராதம் கட்டுவது என்றால் சட்டப்படி சமரசம் (200ஆம் பிரிவு). கட்டியவுடன் வழக்கு முடிந்துவிடும். "இப்போதைக்குக் கட்டிவிட்டு அப்புறம் முறையிடலாம்" என்று நினைப்பவர்கள், முறையிடும் வாய்ப்பை அந்தக் கணமே கைவிடுகிறார்கள். ஆகவே தவறு நம்முடையது என்று தெரிந்தால் அங்கேயே கட்டிவிடுவதுதான் நல்லது. சென்னையில் 2018 முதல் ரொக்கமில்லா முறை இருக்கிறது; கார்டிலோ யுபிஐயிலோ கட்டி ரசீதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். ரசீது இல்லாமல் ரொக்கம் கேட்டால் அது அபராதமே அல்ல.

செய்யாத தவறுக்கு சலான் போட்டால் நான் கோர்ட் பக்கம்தான். "இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, சலான் கொடுங்கள்" என்று ஒரு வரி சொன்னால் போதும். சாலையோரத்தில் எவ்வளவு பேசினாலும் தீர்ப்புச் சொல்ல அங்கே நீதிபதி கிடையாது. டேஷ்கேம் பதிவு, சிக்னலின் படம், உடன் வந்தவரின் சாட்சி எல்லாம் கோர்ட்டில்தான் பேசும். கேமரா வழியாக வரும் சலானில் இந்த வழி இன்னும் வலுவானது. 15 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும் என்றது 2021இல் வந்த விதி. படத்தில் இருப்பது வேறு வண்டியாக இருந்தால் அந்தப் படமே நமக்குச் சாட்சி. ஆன்லைனில் இயங்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் கட்டுவதா, எதிர்ப்பதா என்று தேர்வு செய்யவும் முடியும்.

ஆனால் இதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆட்டோ ஓட்டுபவரும் லோடு வண்டிக்காரரும் கோர்ட் வாசலில் ஒரு நாள் நின்றால் அபராதத்தைவிட அதிகமாக இழப்பார்கள். அதனாலேயே செய்யாத தவறுக்கும் 500 ரூபாய் கட்டிவிட்டுப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கட்டவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்று சும்மா விட்டுவிடுவது மட்டும் கூடாது. வண்டியைப் பெயர் மாற்றும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

குடித்துவிட்டு ஓட்டியதில் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் 185ஆம் பிரிவு. சமரசத்துக்கு உரிய பட்டியலில் அது இல்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஊத மறுப்பதும் உதவாது, மறுத்ததையே வழக்கில் எதிராகக் காட்டலாம்.

ஆவணங்களைப் பொறுத்தவரை அரசு செயலிகளான டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் இருக்கும் லைசென்ஸும் ஆர்சியும் அசலுக்குச் சமம். கேலரியில் இருக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. வழக்கைக் கோர்ட்டுக்கு அனுப்புவதற்காக அசல் லைசென்ஸை வாங்கிக்கொண்டால், தற்காலிக ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று 206ஆம் பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்தே ஓட்டலாம், எனவே அதை வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள்.