பழைய வண்டியின் முன்பக்கத்தை இறக்க: குழாயை ஏற்றுவதா, உள்ளே புஷ் போடுவதா, ஸ்பிரிங்கை வெட்டுவதா?

யமஹா RD350-இன் இந்திய வடிவமான ராஜ்தூத் 350 வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது முன்பக்கத்தை ஓர் அங்குலம் இறக்கிப் பார்க்கும் ஆசை ஒரு கட்டத்தில் வந்துவிடும். சென்னைக்கு அருகே சோழவரத்தில் அந்தக் காலத்தில் நடந்த பந்தயங்களில் ஓடிய வண்டிகளின் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குனிந்த நிற்பு மனதை விட்டுப் போகாது. எனக்கும் அப்படித்தான். மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் வெளியே தெரியும் இறக்கம் ஒன்றுதான். ஆனால் அந்த ஓர் அங்குலத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது.

கால் எட்டவில்லை என்பதற்காக இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சீட்டில் நாம் உட்காரும் இடம் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் சீட் பத்து மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். உங்கள் தேவை அதுவென்றால் சீட்டின் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கிக் கொள்ளுங்கள், முன் சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்களான ஃபோர்க்கைத் தொடவே வேண்டாம்.

சரி, முதல் வழி. ஃபோர்க் குழாய்களைக் குறுக்கே பிடித்திருக்கும் மேல் 'டி', கீழ் 'டி' என்ற இரண்டு பிடிகளின் போல்ட்டுகளையும் தளர்த்தி, குழாயை மேல்நோக்கித் தள்ளி, மறுபடி இறுக்குவது. செலவே இல்லை. பிடிக்கவில்லை என்றால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கே கொண்டுவரலாம். ஃபோர்க்கின் உள்ளே எதையும் தொடாததால் ஸ்பிரிங், ஆயில், சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் எல்லாம் அப்படியே இருக்கும்.

அப்படியானால் எதை இழக்கிறோம்? இடைவெளியை. ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது மட்கார்டுக்கும் கீழ் 'டி'க்கும் நடுவே இருக்கும் இடம், நீங்கள் ஏற்றிய அளவுக்கு அப்படியே குறைந்துவிடும். அதனால் வண்டியை எடுத்து ஓட்டும் முன் ஸ்பிரிங்குகளை வெளியே எடுத்து, ஃபோர்க்கை அடிவரை அமுக்கி, கையால் தடவிப் பாருங்கள். ஒரு விரல் நுழையவில்லை என்றால் அவ்வளவு ஏற்றக் கூடாது. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்து மட்கார்டு 'டி'யில் இடித்து டயரைப் பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மேலே நீட்டிக்கொண்டு வரும் குழாய் ஹேண்டில்பாரில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வெர்னியர் வைத்து அளங்கள்.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். இந்த வண்டியின் வீல்பேஸ், அதாவது இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரம், 1320 மி.மீ. முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் ஃபோர்க்கின் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிரும். வண்டியை நேராக ஓட வைப்பது டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சை நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம். அது ஐந்தாறு மில்லிமீட்டர் குறையும். வளைவில் வண்டி சட்டென்று திரும்பும், அது சுகம்தான். ஆனால் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் முன் சக்கரம் லேசாகிவிடும் வண்டி இது. அந்த நேரத்தில் மேடு பள்ளம் வந்தால் ஹேண்டில் உதறத் தொடங்கும். ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட்டில் துளி ஆட்டம் இருந்தாலும் உதறல் இரட்டிப்பாகும். நான் குழாயை 20 மி.மீ. வரை ஏற்றிப் பார்த்து, 12-க்குத் திரும்பி வந்தேன். அதற்கு மேல் வேண்டுமென்றால் பின்பக்கத்தையும் அதே அளவு இறக்க வேண்டும், அப்போதுதான் சாய்வு பழையபடி வரும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. அதில் ஃபோர்க் குழாயின் மேல்முனை மரை போட்டு ஹெட்லைட் கூட்டுக்குள் ஏறி நிற்கிறது. மேலே தள்ள இடமே இல்லை. அவர்கள் ஃபோர்க்கைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வழி உள்ளே புஷ், அதாவது ஒரு வளையத் துண்டு, போடுவது. பழைய ஜப்பானிய ஃபோர்க்குகள் பெரும்பாலானவற்றில் அடியிலிருந்து ஒரு ஆலன் போல்ட், உள்ளே ஆயிலைக் கட்டுப்படுத்தும் தண்டான டேம்பர் ராடைப் பிடித்திருக்கும். ராடின் தலைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்கும். ஃபோர்க் முழுவதும் நீளும்போது 'டக்' என்று இடிக்காமல் தாங்குவது அதுதான். தலைக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங்குக்கும் நடுவே லேத்தில் கடைந்த அலுமினிய புஷ் ஒன்றைப் போட்டால், ஃபோர்க் அந்த அளவுக்கு நீளாமல் நின்றுவிடும். மேலே பெரிய ஸ்பிரிங்கின் மீது உட்காரும் ஸ்பேசர் என்ற குழாய்த் துண்டையும் அதே அளவு குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுகி, போட்ட புஷ்ஷுக்குப் பலன் இருக்காது. ராடின் தலைக்குக் கீழே ஆயில் போய்வரும் ஓட்டைகள் இருக்கும், புஷ் அவற்றை மூடிவிடாதபடி உள்விட்டத்தைக் கொஞ்சம் தாராளமாகக் கடையச் சொல்லுங்கள். பிரித்த கையோடு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள்.

இதில் ஃபோர்க் அடிவரை அமுங்கும் நிலை மாறாது, அதனால் மட்கார்டு இடிக்கும் பயம் இல்லை. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. உதாரணத்துக்கு ஃபோர்க்கின் மொத்த ஓட்டம், அதாவது அது அமுங்கக்கூடிய தூரம், 130 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் 35 அமுங்குகிறது, பள்ளத்துக்கு மிச்சம் 95. 25 மி.மீ. புஷ் போட்டால் மிச்சம் 70. நம் ஊர்ச் சாலைக்கு அது போதாது. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் போட்டுத்தான் சமாளிக்க வேண்டும். முறையான வேலைதான், ஆனால் பாதியில் நிறுத்த முடியாத வேலை.

மூன்றாவது, ஸ்பிரிங்கை வெட்டுவது. என் வண்டியை வாங்கும்போதே முன்னால் வைத்திருந்தவர் இதைச் செய்திருந்தார். ஒவ்வொரு குழியிலும் முன்பக்கம் இரும்போடு இரும்பு இடிக்கும், ஏறும்போது தளர்ந்த ஸ்பிரிங் உள்ளே கடகடக்கும். சீல் போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் பிரித்துப் பார்த்தேன். ஆளுக்கொரு நீளமாக வெட்டிய இரண்டு ஸ்பிரிங்குகள். வெட்டிய முனையை வெல்டிங் தீயில் காய்ச்சி மடக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் எஃகின் பதமே போயிருந்தது.

வெட்டினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று சிலர் இதை ஆதரிப்பார்கள். உண்மைதான், அறுபது சுற்றில் ஆறை வெட்டினால் பதினொரு சதவீதம் கடினமாகும். ஆனால் வெட்டியதால் போன ஓட்டத்தை அந்தப் பதினொரு சதவீதம் ஈடுகட்டாது. மேலே இருக்கும் ஸ்பேசரைக் குறைத்தாலே வண்டி இறங்கும், வேண்டாமென்றால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. இதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு முதல் வழிதான், 15 மி.மீ.க்கு உள்ளே. எந்த வழியில் போனாலும் வேறு இரண்டு விஷயங்கள் உண்டு. சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய ஸ்பீடு பிரேக்கரே 10 செ.மீ. உயரம், தெருவில் இருப்பவை அதைவிடக் கூர்மையானவை. சைலன்சரின் அடிப்பக்கத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று ஆள் உட்கார்ந்த நிலையில் அளங்கள். அப்புறம் சைடு ஸ்டாண்டு. வண்டி இறங்கினால் அது நீளமாகிவிடும். வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாய்ந்துவிடும். எனக்கு 12 மி.மீ.க்கே அந்த வித்தியாசம் தெரிந்தது, ஸ்டாண்டின் பாதத்தைக் கொஞ்சம் தேய்த்து எடுத்த பிறகுதான் நிம்மதியாக நிறுத்த முடிந்தது.