பாவித்த பெட்டியா, நாமே பூட்டுவதா?

அண்ணரின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு வந்து கேட்டான். "சித்தப்பா, கிளிநொச்சியில ஒரு கடையில பாவிச்ச பிராண்ட் கொம்பியூட்டர் நல்ல மலிவாப் போட்டிருக்கிறாங்கள். அதை எடுக்கட்டோ, இல்லாட்டி உங்களை மாதிரி சாமான் வாங்கிப் பூட்டட்டோ?"

இரண்டிலும் வேலை செய்தவன் நான். விசுவமடுவில் வீட்டு முன் அறையில் இருந்து கலியாணக் காட், சாமத்திய வீட்டு அல்பம், கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்து கொடுக்கிறேன். முதல் நாலு வருடம் பாவித்த பிராண்ட் பெட்டி. கடந்த ஒன்றரை வருடமாக என் கையால் பூட்டியது. அவனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: பூட்டு. வேகத்துக்காக இதைச் சொல்லவில்லை, விலைக்காகவும் இல்லை. வீட்டுக் கறண்டைக் கொம்பியூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளைக்காகச் சொல்கிறேன்.

விலையில் பாவித்த பெட்டிதான் வெல்லும், அதில் வாதாட ஒன்றுமில்லை. வெளிநாட்டு அலுவலகங்கள் சில வருடம் பாவித்துவிட்டுக் கழிக்கும் டெல், எச்.பி., லெனோவா பெட்டிகள் கொழும்புக்கு வந்து, துடைத்துத் துப்புரவாகி, ஏ9 வீதியால் எங்கள் பக்கத்துக் கடைகளுக்கும் வருகின்றன. தகடு நல்ல கனம், சத்தமும் குறைவு. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போட்டிலேயே, எல்லாச் சாமானையும் இணைக்கும் பெரிய பலகையிலேயே, பதிந்திருக்கும். பூட்டுகிறவர் அதைத் தனியாக வாங்க வேண்டும். 2025 கடைசியில் ரம் (RAM) என்ற தற்காலிக நினைவகத்தின் விலை உலகம் முழுக்க ஏறிய பிறகு, ரம்மோடு சேர்ந்து வரும் பழைய பெட்டியின் பக்கம் தராசு இன்னும் கொஞ்சம் சாய்கிறது. பாடக்குறிப்பு அடிக்க, சூமில் வகுப்புப் பார்க்க, கடைக் கணக்கு வைக்க அது தாராளம்.

எடுப்பதானால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். "ஐ5 தானே" என்று கடையில் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். ஐ5 என்பது பெட்டியின் மூளையான இன்டெல் புரொசசரின் பெயர். அதற்குப் பின்னால் உள்ள எண் 4இலோ 6இலோ தொடங்கினால் அது விண்டோஸ் 11க்கான மைக்ரோசொஃப்டின் பட்டியலில் இல்லை. ஒருசில விலக்குகள் தவிர, இன்டெல்லில் 8ஆம் தலைமுறையில் (எண் 8இல் தொடங்குவது) இருந்துதான் அந்தப் பட்டியல் தொடங்குகிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. மலிவாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் பல ஏன் மலிவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

லப்டொப்பைப் பற்றிச் சுருக்கமாக. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை நினைத்தால் பற்றரி உள்ள சாதனத்தின் அருமை தெரியும். அறிவியல் நகருக்கோ வவுனியாவுக்கோ கம்பஸ் போய் விடுதியில் நிற்கப்போகும் பிள்ளைக்கு லப்டொப்தான். அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஒரே மேசையில் நாள் முழுக்க இருந்து வேலை செய்கிறவருக்கு, அதே காசில் பெரிய பெட்டி அதிகம் தரும். அண்ணரின் மகன் வீட்டில் இருந்தே அனிமேசன் பழகப் போகிறான். ஆகவே லப்டொப்பை விட்டுவிட்டோம்.

இனி பவர் சப்ளைக்கு வருகிறேன்.

முந்தின வருடம் ஐப்பசி. மத்தியானம் வரை நல்ல வெயில். மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்து இடி தொடங்கியது. பிளக்கைக் கழற்ற நான் எழும்புவதற்குள் கறண்ட் போய், வந்து, மறுபடி போனது. அதற்குப் பிறகு பெட்டி உயிர்க்கவில்லை. மறுநாள் பஸ்ஸில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி திறந்து சோதித்துவிட்டு, "அண்ணை, சப்ளைதான் போயிருக்கு. மதர்போட்டுக்கு ஒண்டுமில்லை. ஆனா இந்தப் பிளக்குக்கு என்னட்டச் சாமான் இல்லை" என்றான். அவனுடைய இறாக்கையில் புது பவர் சப்ளைகள் வரிசையாக இருந்தன. ஒன்றும் என் பெட்டிக்குப் பொருந்தாது.

இது ஏன் என்று அன்றுதான் படித்துப் பார்த்தேன். இன்டெல் 1995இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ் என்ற அளவுமுறை இருக்கிறது. அதன்படி செய்த பவர் சப்ளை எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் 150 மில்லிமீற்றர் அகலம், 86 மில்லிமீற்றர் உயரம். நாலு ஸ்குரூவும் ஒரே இடத்தில். இப்போது மதர்போட்டுக்குப் போகும் பிளக் 24 பின் (pin, ஊசிமுனை), புரொசசருக்குப் போவது 4 அல்லது 8 பின். கிளிநொச்சியில் வாங்கினாலும் கொழும்பில் வாங்கினாலும் இதுதான். அலுவலகப் பிராண்ட் பெட்டிகளில் பலது இந்த வழியில் போவதில்லை. சில மாடல்களில் மதர்போட் பிளக் 8 பின், சிலதில் 6, சிலதில் 14. மெலிந்த பெட்டிகளில் சப்ளையின் உருவமே வேறு, நீளமாக, ஒடுக்கமாக, அந்த மாடலுக்கென்றே செய்தது. பெரிய டவர் பெட்டியாக இருந்தால் மாற்று வயர் ஒன்று போட்டுச் சாதாரண சப்ளையை இணைக்கலாம். மெலிந்த பெட்டிக்குள் அது உடம்பே நுழையாது. என்னுடையது மெலிந்தது. மேசையில் இடம் பிடிக்காது என்று ஆசைப்பட்டு எடுத்தது.

லான்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் வாங்கப் போகிற கமக்காரர் முதல் கேட்பது இதற்குப் பாட்ஸ் எங்கே எடுக்கலாம் என்றுதான். விதைப்பு நேரத்தில் ஒரு சில்லுப் போனால் கொழும்பில் இருந்து வரும் வரைக்கும் மழை காத்திராது. வன்னியில் இதை ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. கொம்பியூட்டர் என்றதும் மட்டும் நாங்கள் புரொசசரின் பெயரையும் ரம்மின் அளவையும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

கொழும்பில் இருந்து அதே மாடல் சப்ளை, அதுவும் இன்னொரு பழைய பெட்டியில் கழற்றியது, வந்து சேர மூன்று கிழமை எடுத்தது. கையில் இரண்டு கலியாண அல்பம். ஹாட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு தர்மபுரத்தில் ஒரு நண்பனின் வீட்டுக்கு இரவிரவாகப் போய் வேலை செய்து கொடுத்தேன். ஒரு பகுதியார் காத்திருக்க ஏலாமல் வேறிடம் போனார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். வந்த சப்ளையும் மார்கழியோடு சரி.

தையில்தான் பூட்டினேன். பூட்டியதுக்கும் சோதனை வராமல் இல்லை. இந்தச் சித்திரையில், கறண்ட் போனால் கொஞ்ச நேரம் பெட்டியை ஓட வைக்கும் யூ.பி.எஸ்ஸின் பற்றரி தேய்ந்து கிடந்த நேரம் பார்த்து, கறண்ட் திரும்பி வந்த உந்தலில் புதுச் சப்ளையும் போய்விட்டது. காலையில் போனது. பத்து மணி பஸ்ஸில் பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்குப் போய், அதே தம்பியின் இறாக்கையில் இருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து, நாலு ஸ்குரூவும் இரண்டு பிளக்கும் மாற்றி, பின்னேரம் தேத்தண்ணி நேரத்துக்குப் பெட்டி ஓடியது. ஒருபக்கம் மூன்று கிழமை, மறுபக்கம் ஒரு நாள். என் ஒப்பீடு முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

யுத்தத்தின்போது பொருளாதாரத் தடையால் வன்னிக்குள் பற்றரி வர விடாத நேரம், அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ கறண்டில் றேடியோவில் செய்தி கேட்டவர். சுற்றியது பெரும்பாலும் நான். எந்தச் சாமானுக்கும் உள்ளே என்ன இருக்கிறது, எதைக் கழற்றி எதைப் போடலாம் என்று பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

"அப்ப கடையிலயே பூட்டித் தரச் சொன்னா என்ன?" என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. கடையில் பூட்டினாலும் ஏ.டி.எக்ஸ் சாமான்தான், பின்னர் திருத்தலாம். பூட்டுகூலியும் பெரிதில்லை. ஆனால் விலையைக் குறைத்துச் சொல்லவேண்டி வரும்போது கடை எதில் கை வைக்கும் என்று பாருங்கள். புரொசசரில் வைக்க முடியாது, பெயர் கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். வெளிக்கூடான கேசிங்கோடு சேர்ந்து வரும் பெயர் தெரியாத பவர் சப்ளையில்தான் வைக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே காற்றுப் போல இருக்கும். நாமே சாமான் எடுத்தால் கேசிங்கை வெறுமையாகவும் சப்ளையை வேறாகவும் எடுக்கலாம். 80 பிளஸ் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். அந்த முத்திரை மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது, இடியைத் தாங்கும் என்று சொல்லவில்லை. ஆனாலும் முத்திரை இல்லாததை விட அது மேல்.

என் பட்டியல்: ரைசன் 5 5600ஜி, ஏ520 மதர்போட், 8 ஜிபி ரம் இரண்டு, கோப்புகளைச் சேமிக்க 500 ஜிபி எம்.2 எஸ்.எஸ்.டி, 550 வாட் சப்ளை, முன்பக்கம் வலை போட்ட கேசிங். இந்தப் புரொசசருக்குள் 6 கோர், அதோடு கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. 65 வாட் வகை என்பதால் சிறிய யூ.பி.எஸ் இழுக்கும், வேலையைச் சேமித்து நிறுத்த நேரம் கிடைக்கும். ரம்மை 16 ஆக ஒன்று எடுக்காமல் 8 ஆக இரண்டு எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ரம்மைத்தான் பங்கு போட்டுப் பாவிக்கிறது, இரண்டு வழியால் வந்தால்தான் அதற்கு வேகம். மதர்போட்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளுக்குப் பயோஸ் என்று பெயர். மதர்போட் வாங்கும்போது "இந்தப் புரொசசருக்கு பயோஸ் சரியோ" என்று கேட்டு, தேவையென்றால் கடையிலேயே புதுப்பித்து வாங்குங்கள். பழைய பயோஸோடு கிடந்த போட் 5000 வரிசைப் புரொசசரை ஏற்காது. வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தால் இன்னொரு பஸ் பயணம்.

பூட்டும் வேலைக்கு ஒரு நட்சத்திர ஸ்குரூ டிரைவரும் ஒரு பலகை மேசையும் காணும். மெத்தையில் வைத்துச் செய்ய வேண்டாம். இடைக்கிடை கேசிங்கின் பெயின்ட் படாத இடத்தைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்னை இறக்கிக்கொள்ளுங்கள், சோளகக் காற்றடிக்கும் காய்ந்த நாட்களில் முக்கியமாக. இந்தப் புரொசசரில் பின்கள் அடிப்பக்கத்தில் மயிர்க்கற்றை போல இருக்கும். மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தை சொக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தன் பாரத்தில் தானே இறங்கும். அழுத்தினால் பின் வளையும். ரம் அதற்கு நேரெதிர், இரண்டு பக்கமும் டக் என்று சத்தம் வரும்வரை பெலமாக அழுத்த வேண்டும். நான் பயந்து மெதுவாக வைத்தேன். முதல் தரம் சுவிச்சைப் போட்டபோது ஃபான் சுற்றியது, திரை கறுப்பு. அரை மணித்தியாலம் நெஞ்சிடியோடு பார்த்த பிறகுதான் மதர்போட்டில் ரம்மைக் குறிக்கும் DRAM என்று எழுதிய இடத்தில் சின்ன விளக்கு எரிவது கண்ணில் பட்டது. ரம்மைக் கழற்றி இறுக்கிப் போட்டேன், படம் வந்தது. 24 பின் பிளக்கும் அப்படித்தான், இறுக்கம். நாலு ஸ்லொட் உள்ள போட்டானால் புரொசசரில் இருந்து இரண்டாவதிலும் நாலாவதிலும் ரம் போடுங்கள். எல்லாமாக எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் போனது.

பூட்டியதில் தோற்கும் இடமும் உண்டு. புதுப் பிராண்ட் பெட்டிக்கு ஒரே உத்தரவாதக் காட், எது போனாலும் ஒருவரிடம்தான் கொடுப்பது. பூட்டியதில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு பில், எது போனது என்று கண்டுபிடிப்பது நம் வேலை. மதர்போட் போனால் அதுவும் கூரியரில் கொழும்புக்குத்தான், அங்கே நானும் காத்திருக்கத்தான் வேண்டும். எனக்கு இன்னும் அது நேரவில்லை. தனிக் கிராபிக்ஸ் காட் போட்டு நான் பூட்டியதில்லை, ஆகவே கேம் விளையாடுகிற தம்பிமார் என் சொல்லை அரைவாசியாக எடுக்கட்டும். திரும்ப விற்பதில் பெரிய வித்தியாசம் காணவில்லை.

எந்தப் பெட்டி எடுத்தாலும் பராமரிப்பு ஒன்றுதான். எங்கள் கிரவல் ஒழுங்கைப் புழுதிக்கு மாதம் ஒருமுறை பெயின்ட் பிரஸ்ஸால் துடைக்க வேண்டும், அப்போது ஃபானை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பின்பக்க ஓட்டைகளுக்கு நுளம்புவலைத் துண்டு ஒட்டினால் பல்லியும் எறும்பும் உள்ளே போகாது. கேசிங்கைத் தொடும்போது விரல் நுனியில் சுள்ளென்றால் வீட்டு எர்த் சரியில்லை, வயரிங் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி கேட்டால் சுவிச்சை நிறுத்துவது போதாது, பிளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து. அந்த வழியாலும் மின்னல் வரும்.

அண்ணியின் சீட்டு ஆவணியில் விழுகிறது. அதற்குப் பிறகு எல்லாச் சாமானும் ஒரே நாளில் எடுப்பதாக இருக்கிறோம், பழுது இருந்தால் உடனே திருப்பிக் கொடுக்கலாம். அதுவரை என் மேசைக்குக் கீழே கிடக்கும் செத்த பெட்டியைத் திறந்து வைத்து ரம்மைக் கழற்றிப் பூட்டிப் பழகுகிறான். நேற்று அந்த மெலிந்த சப்ளையை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கே சித்தப்பா மூண்டு கிழமை?" என்று கேட்டான்.