முன்னீர்பள்ளம் தாண்டி ஒரு ஆட்டுக்கறிக்கடை

கறிக்கடையைப் பற்றி எழுதும்போது ருசியை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசில்லை. ஆடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான். பசிக்குக் கத்துகிறதா, பயத்தில் கத்துகிறதா என்று சத்தத்திலேயே தெரியும்.

பல கடைகளில் உரித்துத் தொங்கவிட்ட ஆட்டுக்குக் கீழேயே அடுத்த ஆட்டைக் கட்டியிருப்பார்கள். ரத்த வாடையில் மிரண்டு கயிற்றை இழுத்துக்கொண்டே நிற்கும். திருநெல்வேலிப் பக்கம் முன்னீர்பள்ளம் தாண்டி இருக்கிற இந்த பாய் கடையில் அப்படி இல்லை. பின்னால் வேப்பமரத்தடியில் ஆடுகள் நிற்கின்றன. எட்டுகிற உயரத்தில் அகத்திக்குழை, வாளியில் தண்ணீர். அறுக்கிற இடம் சுவருக்கு அந்தப் பக்கம். ஆடு பார்க்கக் கத்தியைத் தீட்டுவதுகூட இல்லை. “அது எங்க மார்க்கத்துலயே சொன்னதுக்கா” என்றார் பாய்.

ஒரு பிராணியின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக்கூடாது, சினையையும் மூன்று மாதம் ஆகாத குட்டியையும் அறுக்கக்கூடாது என்று அறுப்புக்கூடங்களுக்கு 2001-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நெருக்கியும் கட்டிக்கிடந்த ஒரு பெட்டையாட்டை பாய் தொடவில்லை. சினை என்பதற்கு மடி இறங்கியிருந்ததைக் காட்டினார். மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் மொத்தமாகப் பிடித்ததில் வந்துவிட்டதாம். வளர்க்கிற ஆளுக்கே கொடுத்துவிடுவேன் என்றார்.

கறி பெரும்பாலும் கன்னி என்கிற வெள்ளாட்டு இனத்துக் கிடா. வாலோடுதான் தொங்கும், வாலைப் பார்த்தாலே வெள்ளாடா செம்மறியா என்று தெரிந்துவிடும், செம்மறியைக் கலக்க வழியில்லை. கிலோவுக்கு 50 ரூபாய் கூடத்தான். கறி எடுக்கிற வாரத்தைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசைக் கொடுக்கிறேன்.

என் மகள் கறியையே விட்டுவிட்டாள். “எப்படி வச்சிருந்தாலும் கடைசியில அறுக்கத்தானம்மா செய்றாங்க” என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் தின்கிற வரைக்கும், அந்த உயிர் கடைசி நாளில் மிரளாமல் இருப்பதற்கு நானும் பொறுப்பு என்றுதான் நினைக்கிறேன்.

அதனால்தான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பக்கத்திலேயே பிராய்லர் கோழியும் விற்கிறார். சுமார் 40 நாளில் இரண்டு கிலோ ஏறிய கோழிகள், சிறகு விரிக்க இடமில்லாத கூண்டில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன, வெயில் வேறு. ஆட்டுக்குக் காட்டுகிற இரக்கம் கோழிக்கு ஏன் இல்லை என்று பாயிடமே கேட்டேன். கூண்டை மாற்றுகிறேன் என்றிருக்கிறார். மாற்றுகிற வரைக்கும் அங்கே கோழி எடுக்க மாட்டேன், நீங்களும் எடுக்க வேண்டாம்.

ஆட்டுக்கறிக்கு ஞாயிறு காலை சீக்கிரம் போய்விடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் இருக்காது.