காசல்ரியில் பாய் கட்டிய பழைய போட்: சில வருட அனுபவம்

இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள காசல்ரி நீர்த்தேக்கத்தில் ஆட்களையும் விறகையும் அக்கரைத் தோட்டத்துக்கு ஏற்றிய பதினெட்டு அடி ஃபைபர் போட் இது. மோட்டர் பழுதாகிக் கரையில் கவிழ்ந்து கிடந்ததை மாமா மலிவாக வாங்கினார். மலையில் பாய்ப்படகு ஓடுமா என்றால், நன்றாகவே ஓடுகிறது. ஆனால் காசைப் பாயில் கொட்டாமல், போட் பக்கவாட்டில் நழுவாமல் தடுக்கும் பக்கப் பலகையில் போடுங்கள்.

இந்த மாதிரி போட்டுகளுக்கு அடி தட்டை. வெறும் பாயைக் கட்டினால் பக்கவாட்டில் நழுவிக்கொண்டே போகும், காற்றை எதிர்த்துக் கோணலாக ஏறவே ஏறாது. அடியை வெட்டிப் பலகை இறக்கலாம்தான். வெட்டிய இடம் ஒழுகினால் யார் பார்ப்பது? நாங்கள் வெளிப்பக்கமாக இரண்டு பலகைகளை பலகைக்கொரு போல்ட்டில் தொங்கவிட்டோம். காற்று அடிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கப் பலகையை மட்டும் இறக்க வேண்டும். 1965இல் கெகல்கமு ஓயாவை மறித்த நீர்த்தேக்கம் இது. விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் போகப் போக மட்டம் இறங்கும், போன மாதம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மாதம் கல் தட்டும். தட்டினால் பலகை போல்ட்டில் சுழன்று பின்னால் மேலெழும்பிவிடும், உடையாது.

கம்பம் குட்டையான மூங்கில். டர்பன்டைன் மரக் கழி மேல்பாரம், போட்டை ஆட்டும். முதல் பாயை ஹட்டனில் லொறிப் படங்கு தைப்பவரிடம் கொடுத்தோம். "தம்பி, இது லொறிக்கா, கோயில் பந்தலுக்கா?" என்றார். படங்கு வெயிலில் நூல் நூலாகப் பிரிந்தது. அப்புறம் தைத்த பொலியெஸ்டர் பாய் இன்னும் இருக்கிறது. ஈரத்தோடு சுருட்டினால் மட்டும் கறுப்புப் புள்ளி பிடிக்கும்.

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட நூற்றுக்குப் பத்து அளவில் குறைவு, அதனால் பெரிய பாய் தேவை என்று கணக்குச் சொல்லும். நம்பாதீர்கள். தென்மேற்குக் காற்று தொடங்கினால் மலை இடுக்கிலிருந்து திடீரென்று விழும். கன்னத்தில் பட்டது அடுத்த நிமிடம் பிடரியில் படும். தண்ணீரில் கறுப்பாக ஒரு திட்டு ஓடி வந்தால் அதுதான் அறிகுறி. பாய்க்கயிற்றை எங்கும் கட்டிவைக்காமல் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். பாயைப் பாதியாக மடித்துக் கட்ட வழியும் வேண்டும்.

பாரத்துக்கு மணல் மூட்டை கூடாது, தண்ணீர் நிரப்பிய கேன் போதும். போட்டுக்குள் தண்ணீர் ஏறினால் மணல் கீழே இழுக்கும், கேன் இழுக்காது. மரம் இங்கே உப்புத் தண்ணீரில் இருப்பதைவிடச் சீக்கிரம் உக்கிப்போகிறது. கம்பக் குழியில் மழைநீர் வடிய ஒரு துளை போடுங்கள்.

ஊர்ப் பையன்கள் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரை பாயில் போன வல்வெட்டித்துறைப் பாய்க்கப்பல் அன்னபூரணியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறுகிறார்கள். சரி, ஏறட்டும், லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு. பின்னேரம் காற்று நின்றுவிட்டால் அவர்கள்தான் துடுப்புப் போட வேண்டும். மாமாவோ மோட்டரைத் திருத்தலாம் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.